அமெரிக்க நாடகத் தொடர்களில் கறுப்பின முதன்மை நடிகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பெரும்பாலும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஒரு மணி நேர நாடகத் தொடர்களைப் பற்றியது. நகைச்சுவைத் தொடர்களும் பிரிட்டிஷ் தொடர்களும் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும். இத்துறையில் 'முதல் கறுப்பின நடிகர்', 'முதல் கறுப்பின நடிகை' என்ற பட்டங்கள் ஏராளம். முதலாமவர் வந்த பிறகு இரண்டாமவர் வர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைத்தான் நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். ஆகவே ஆண்டுகளைக் கவனித்து வாசியுங்கள்.

ஒருவர் முதன்மை நடிகரா, துணை நடிகரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான்கு இடங்களில் பாருங்கள். முதலாவது, தொடக்க டைட்டிலில் பெயர் வரும் வரிசை. இரண்டாவது, அன்றாடப் படப்பிடிப்புத் தாளில் நடிகர்களுக்குத் தரப்படும் எண். அங்கே 'நம்பர் ஒன்' என்றால் அந்தத் தொடரே அவர் தோளில் இருக்கிறது என்று பொருள். படப்பிடிப்பின் வேகமும் சூழலும்கூட அவரைப் பொறுத்தே அமையும். மூன்றாவது, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கு எந்தப் பிரிவில் பெயர் அனுப்பப்பட்டது என்பது. 1980களில் 'செயின்ட் எல்ஸ்வேர்' மருத்துவமனைத் தொடரில் டென்சல் வாஷிங்டன் ஆறு சீசன் நடித்தார். ஆனால் அது பலர் சேர்ந்து தாங்கிய தொடர் என்பதால் அதை அவருடைய தொடர் என்று யாரும் சொல்வதில்லை.

நான்காவது சோதனைதான் கடினமானது: அந்தக் கதாபாத்திரத்தை எடுத்துவிட்டால் தொடர் நடக்குமா? 2013இல் ஃபாக்ஸில் தொடங்கிய 'ஸ்லீப்பி ஹாலோ'வில் நிக்கோல் பெஹாரி இரு முதன்மை நடிகர்களில் ஒருவர். 2016இல் மூன்றாம் சீசன் முடிவில் அவருடைய கதாபாத்திரத்தைக் கொன்றுவிட்டுத் தொடரை மேலே நடத்தினார்கள். அதற்குப் பின் ஒரே ஒரு சீசன்தான் ஓடியது. இணையான முதன்மைப் பாத்திரம் என்று போஸ்டரில் இருந்தது எழுத்தறையில் இல்லை என்பதையே அந்த முடிவு காட்டியது.

முதன்முதலில் வந்தவர் யார்?

கேள்வியைப் பிரித்துக் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

நாடகத் தொடர் ஒன்றில் தொடர்ந்து வரும் பாத்திரத்தில் முதலில் இடம்பெற்றவர் சிசிலி டைசன். 1963இல் சிபிஎஸ் ஒளிபரப்பிய 'ஈஸ்ட் சைட்/வெஸ்ட் சைட்' தொடரில் சமூகநல அலுவலகச் செயலாளராக நடித்தார். தலைமுடியைச் சூடு வைத்து நேராக்காமல் இயல்பான சுருளுடனேயே திரையில் தோன்றினார், அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். ஆனால் தொடரின் நாயகன் ஜார்ஜ் சி. ஸ்காட். ஒரே சீசனில் தொடர் நின்றுவிட்டது.

முதன்மைப் பாத்திரம் என்றால் 1965இல் என்பிசியில் வந்த 'ஐ ஸ்பை'. ராபர்ட் கல்ப்புடன் சம பங்கில் நடித்தவர் பில் காஸ்பி. முதன்மை நடிகருக்கான எம்மியை 1966, 67, 68 என்று மூன்று ஆண்டும் காஸ்பியே வென்றார். அந்த மூன்று முறையும் கல்ப்பும் அதே பிரிவில் பரிந்துரை பெற்றிருந்தார்.

காஸ்பி மீதான பாலியல் வன்முறை வழக்கைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கடக்க முடியாது. 2018இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2021இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம், வழக்கு தொடுக்கப்பட்ட முறையில் இருந்த குறையைக் காரணம் காட்டி அதை ரத்து செய்தது. தொடரின் இடத்தை வரலாற்றிலிருந்து அழிக்க வேண்டியதில்லை. அந்த இடத்தைச் சொல்லி அவர் மீதான புகார்களைச் சிறிதாக்குவதும் கூடாது.

'ஜூலியா'தான் முதல் என்று படித்தேனே?

1968இல் டயான் கேரல் செவிலியராக நடித்த 'ஜூலியா' அரை மணி நேர நகைச்சுவைத் தொடர். வேலைக்காரி அல்லாத பாத்திரத்தில் ஒரு கறுப்பினப் பெண் தொடரின் தலைவியானது அதில்தான். 1950இல் 'பியூலா'வில் எத்தல் வாட்டர்ஸ் தலைவியாக நடித்தார், ஆனால் பாத்திரம் வீட்டு வேலைக்காரி. இரண்டுமே நாடகத் தொடர் கணக்கில் வராது.

1960களில் தடுத்தது யார்? நெட்வொர்க்கா, விளம்பரதாரரா, பார்வையாளரா?

இதற்கு அமெரிக்க ஒளிபரப்பின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்பிசி, சிபிஎஸ், ஏபிசி போன்ற நெட்வொர்க்குகள் நாடு முழுக்கச் சொந்த நிலையம் வைத்திருக்கவில்லை. அன்றைய விதிப்படி ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 7 தொலைக்காட்சி நிலையங்கள்தான். மற்ற ஊர்களில் தனியார் முதலாளிகளின் நிலையங்கள் ஒப்பந்த அடிப்படையில் நெட்வொர்க் நிகழ்ச்சியை எடுத்து ஒளிபரப்பின. பிடிக்காத நிகழ்ச்சியை மறுக்கும் உரிமை அவர்களுக்குச் சட்டப்படியே இருந்தது.

தென் மாநிலங்களில் சில நிலையங்கள் 'ஐ ஸ்பை'யை எடுக்க மறுத்தன. ஒரு நிலையம் மறுத்தால் அந்த ஊரே கணக்கிலிருந்து விழும். பார்வையாளர் தொகை குறைந்தால் விளம்பர விலையும் குறையும். மறுப்பு உண்மையில் வருவதற்கு முன்பே, வரக்கூடும் என்ற பயத்திலேயே பல திட்டங்கள் மேசையில் செத்தன. பாடகர் நாட் கிங் கோலின் நிகழ்ச்சிக்கு 1956–57இல் தேசிய அளவிலான விளம்பரதாரர் ஒருவர்கூடக் கிடைக்காமல் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

இந்தப் பூட்டை உடைத்ததில் நடிகர்களைவிடப் பார்வையாளர்களின் பங்கு பெரியது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் டபிள்யூஎல்பிடி என்ற நிலையம் இனப் பிரிவினைக்கு ஆதரவாக நடந்துகொண்டது. 1964இல் யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற திருச்சபையும் உள்ளூர்க் கறுப்பின மக்களும் அதன் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனு கொடுத்தார்கள். பார்வையாளருக்கு மனு கொடுக்கும் தகுதியே இல்லை என்றது ஒளிபரப்பு ஆணையம். 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தகுதி உண்டு என்று தீர்ப்பளித்தது. 1969இல் அந்த உரிமம் போயிற்று. நிலையத்தின் உரிமமே ஆபத்துக்குள்ளாகும் என்ற நிலை வந்த பிறகு மறுப்பதற்கு ஒரு விலை உண்டானது. தொலைக்காட்சி வரலாற்றில் இந்த வழக்குக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

'ரூட்ஸ்' வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டதா?

இல்லை. 1977 ஜனவரியில் ஏபிசி எட்டு இரவுகள் தொடர்ச்சியாக ஒளிபரப்பிய குறுந்தொடர் அது. கடைசி இரவை மட்டும் சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள். கறுப்பின நடிகர்களை வெள்ளைப் பார்வையாளர்கள் பார்க்க மாட்டார்கள் என்ற வாதம் அன்றே பொய்யானது. ஆனாலும் வாராவாரம் வரும் நாடகத் தொடர்கள் வரிசையாகத் திறந்துவிடவில்லை. 1979இல் ஸ்டீவன் போச்கோ உருவாக்கிய 'பாரிஸ்' தொடரில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் போலீஸ் அதிகாரியாக நடித்தார். 13 எபிசோடில் நின்றது.

'ஸ்காண்டல்' 38 ஆண்டுகளில் முதல் என்கிறார்களே, அது சரியா?

சரி, ஆனால் நிபந்தனைகளோடு. 1974இல் ஏபிசியின் 'கெட் கிறிஸ்டி லவ்!' தொடரில் தெரசா கிரேவ்ஸ் துப்பறியும் போலீஸ்காரியாகத் தனித்து நின்று நடித்தார். ஒரே சீசன். அடுத்து 2012 ஏப்ரலில் கெரி வாஷிங்டன் 'ஸ்காண்டல்' தலைவியானார். நெட்வொர்க் தொலைக்காட்சி, ஒரு மணி நேர நாடகம், தனித் தலைவி என்ற மூன்று நிபந்தனையும் சேர்ந்தால்தான் 38 என்ற எண் நிற்கும்.

நிபந்தனையைத் தளர்த்தினால் இடையில் பலர் உண்டு: 'ஐ'ல் ஃபிளை அவே'யில் (1991–93) ரெஜினா டெய்லர், 'ஸ்வீட் ஜஸ்டிஸ்'ஸில் (1994–95) சிசிலி டைசன், கேபிளில் 'ஹாத்தோர்ன்' (2009–11) தொடரில் ஜேடா பிங்கெட் ஸ்மித், 'அண்டர்கவர்ஸ்'ஸில் (2010) கூகு ம்பாத்தா ரா. எழுதும்போது 'முதல் கறுப்பின நாயகி' என்று மட்டும் போட்டால் இவர்கள் எல்லோரும் காணாமல் போவார்கள். நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள்.

'ஸ்காண்டல்' எப்படி நிலைத்தது?

முதல் சீசனுக்கு 7 எபிசோடு மட்டுமே ஆர்டர். அது நம்பிக்கைக் குறைவின் அடையாளம்தான், ஆனால் கைகொடுத்தது. குறைந்த செலவில் கதையின் முடிச்சுகளை இறுக்கமாகப் போட முடிந்தது. 'ஸ்காண்டல்' தொடரை உருவாக்கிய ஷோண்டா ரைம்ஸே உருவாக்கி ஏற்கெனவே வேரூன்றியிருந்த 'கிரேஸ் அனாடமி'யை அடுத்து வியாழக்கிழமை இரவு 10 மணிக்கு இடம் கிடைத்தது. முந்தைய தொடரின் பார்வையாளர் சேனலை மாற்றாமல் உட்கார்ந்திருப்பது புதுத் தொடருக்கு மிகப் பெரிய உதவி. மூன்றாவதாக, ஒளிபரப்பு நேரத்திலேயே நடிகர்கள் ட்விட்டரில் பார்வையாளர்களோடு பேசினார்கள். பதிவு செய்து பிறகு பார்க்கும் பழக்கம் பரவிய காலத்தில், அந்த நேரத்திலேயே பார்க்க ஒரு காரணம் கிடைத்தது. விளம்பரதாரர் பணம் கொடுப்பது அந்தப் பார்வைக்குத்தான். தொடர் 2018 வரை 7 சீசன், 124 எபிசோடு ஓடியது.

நல்ல விமர்சனம் பெற்ற தொடர்களும் ஏன் சீக்கிரம் நின்றன?

'கேப்ரியல்ஸ் ஃபயர்' இதற்குச் சரியான பாடம். 1990இல் ஏபிசியில் தொடங்கியது. கொலைக் குற்றத்துக்காக இருபது ஆண்டு சிறையிலிருந்து வெளிவரும் முன்னாள் போலீஸ்காரராக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். 1991இல் அவருக்கு முதன்மை நடிகர் எம்மி, உடன் நடித்த மேட்ஜ் சின்க்ளேருக்குத் துணை நடிகை எம்மி. ஆனால் பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை என்று தொடரை இலகுவாக்கி, பெயரை 'ப்ராஸ் அண்ட் கான்ஸ்' என்று மாற்றி இரண்டாம் சீசனுக்கு அனுப்பினார்கள். எம்மி வாங்கித் தந்த கனமே போய்விட்டது. 1992 தொடக்கத்தில் எல்லாம் முடிந்தது.

நெட்வொர்க் பொருளாதாரத்தில் ஒரு தொடர் சுமார் 100 எபிசோடை எட்டினால்தான் மறுஒளிபரப்பு விற்பனையில் பெரும் பணம் வரும். எட்டாத தொடர் மறக்கப்படும். மறக்கப்பட்டதால் அடுத்த கூட்டத்தில் 'இப்படி ஒன்று முன்பு ஓடியதா?' என்ற கேள்விக்குக் காட்ட உதாரணம் இருக்காது. 13 எபிசோடு எடுக்கப்பட்டு அதற்குள் ரத்தான 'அண்டர்கவர்ஸ்', 2000இல் தொடங்கி அந்த ஆண்டே முடிந்த மருத்துவமனைத் தொடர் 'சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்' ஆகியவற்றின் கதையும் இதுதான். வெள்ளை நடிகர்கள் நடித்த தொடர் தோற்றால் அந்தத் தொடர் தோற்றது என்பார்கள். இவை தோற்றபோது மட்டும் பழி முழு இனத்தின் மீது விழுந்தது. இது அநியாயம்.

1999இல் நடந்தது என்ன?

அந்த இலையுதிர் காலத்தில் நான்கு பெரிய நெட்வொர்க்குகள் அறிவித்த 26 புதிய தொடர்களில் ஒன்றில்கூடச் சிறுபான்மையினர் முதன்மைப் பாத்திரத்தில் இல்லை. கறுப்பினத்தவர் உரிமைகளுக்கான என்ஏஏசிபி அமைப்பின் தலைவர் குவேசி எம்ஃப்யூமே இதைப் பகிரங்கமாக எதிர்த்து, புறக்கணிப்புக்கும் தயார் என்றார். 2000இன் தொடக்கத்தில் நெட்வொர்க்குகள் ஒப்பந்தங்களுக்கு இறங்கின. பன்முகத்தன்மைக்கெனத் தனி அதிகாரிகள், எழுத்தாளர் பயிற்சித் திட்டங்கள் எல்லாம் அதன் விளைவு. திரையில் தெரியப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. எழுத்தாளர் ஒருவர் கீழ்ப் படியிலிருந்து ஏறித் தொடரை நடத்தும் இடத்துக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கும்.

எம்மி பட்டியலைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நாடகத் தொடர் முதன்மை நடிகர், 2024 வரை: பில் காஸ்பி (1966, 67, 68), ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் (1991), ஆண்ட்ரே பிராவர் (1998, 'ஹோமிசைட்'), ஸ்டெர்லிங் கே. பிரவுன் (2017, 'திஸ் இஸ் அஸ்'), பில்லி போர்ட்டர் (2019, 'போஸ்').

முதன்மை நடிகை: வயோலா டேவிஸ் (2015, 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்'), ஜெண்டாயா (2020, 2022, 'யூஃபோரியா').

சிசிலி டைசன் 1974இலேயே எம்மி வாங்கினாரே என்று சிலர் கேட்பது சரிதான். அது தொலைக்காட்சிப் படத்துக்கு, தொடருக்கு அல்ல. பரிந்துரைகளிலும் அதே வறட்சி: 1995இல் டைசனுக்குப் பின் 2013இல் கெரி வாஷிங்டன் வரும் வரை, நாடகத் தொடர் முதன்மை நடிகைப் பிரிவில் 18 ஆண்டுகள் ஒரு கறுப்பினப் பெயரும் இல்லை. இல்லாத பாத்திரத்துக்கு விருது வாங்க முடியாது என்று வயோலா டேவிஸ் மேடையில் சொன்னதன் பின்னணி இதுதான்.

நிறம் பார்க்காமல் நடிகரைத் தேர்வது போதாதா?

கதவைத் திறக்க அது உதவும். பாத்திரத்தின் இனத்தைக் குறிக்காமல் எழுதி, யார் நன்றாக நடிக்கிறாரோ அவரைப் போட்ட 'கிரேஸ் அனாடமி' அதை நிரூபித்தது. ஆனால் தேர்வு முடிந்த பின்னும் எழுத்து மாறாமலே இருந்தால், அந்த மனிதருக்கு வீடும் குடும்பமும் கடந்த காலமும் இல்லாமல் போகும். 2018இல் கோல்டன் குளோப் வாங்கிய ஸ்டெர்லிங் கே. பிரவுன், கறுப்பினத்தவர் மட்டுமே நடிக்கக்கூடிய பாத்திரத்தை எழுதியதற்காகவே தொடரை உருவாக்கியவருக்கு நன்றி சொன்னார். 'திஸ் இஸ் அஸ்'ஸில் அவர் நடித்த ராண்டல், வெள்ளைக் குடும்பம் ஒன்று தத்தெடுத்து வளர்த்த மகன். அவனுடைய ஒவ்வொரு தயக்கமும் அங்கிருந்தே பிறக்கிறது.

முதன்மை நடிகர் தன் எடையைப் பயன்படுத்தி எழுத்தை மாற்றிய நல்ல உதாரணம் 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' (1993–99). இறுதி எபிசோடில் ஏவரி புரூக்ஸின் பாத்திரமான சிஸ்கோ, கர்ப்பிணி மனைவியை விட்டு வேறு உலகுக்குப் போகிறார். குடும்பத்தைக் கைவிடும் கறுப்பினத் தந்தை என்ற பழைய பழியை இது நினைவூட்டும் என்று புரூக்ஸ் எடுத்துச் சொன்னார். திரும்பி வருவேன் என்று சிஸ்கோ வாக்குக் கொடுப்பதாகக் காட்சி மாற்றப்பட்டது. வயோலா டேவிஸும் அப்படித்தான்: முதல் சீசனில் விக்கையும் ஒப்பனையையும் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் அமரும் காட்சி அவர் கேட்டதால் வந்தது.

கருத்த தோலைப் படம்பிடிப்பதில் என்ன தவறு நடக்கிறது?

மிகுதியான ஒளியைக் கொட்டுவதுதான் முதல் தவறு. வெள்ளைத் தோலுக்கு, படத்தின் ஒளி அளவைக் காட்டும் அலைவடிவ மானிட்டரில் 60–70 ஐஆர்இ (ஒளி அளவின் அலகு) என்று ஒரு பழக்கம் உண்டு. கருத்த தோலையும் அங்கே தூக்கினால் முகம் சாம்பல் பூத்துப் பின்னணி வெளுத்துவிடும். ஆழ்ந்த நிறத் தோல் 35–50இல் இயல்பாக உட்காரும். அங்கேயே விட வேண்டும்.

செய்ய வேண்டியது இது. ஒளி மூலத்தைப் பெரிதாக்கி மென்மையாக்கி, சற்றுப் பக்கவாட்டிலிருந்து கொடுங்கள். கருத்த தோலில் முகத்தின் வடிவம் பெரும்பாலும் பிரதிபலிப்பால் தெரிகிறது. அதனால் பெரிய வெள்ளைப் பலகையில் ஒளியைத் திருப்பி, கன்ன எலும்பிலும் நெற்றியிலும் அந்தப் பலகையே பிரதிபலிக்கும்படி வைக்கலாம். நம் யூனிட்டுகள் தெர்மோகோல் பிடிக்கும் அதே இடம்தான். பவுடரை அள்ளிப் போட்டு மினுமினுப்பைக் கொன்றால் முகம் தட்டையாகிவிடும். ஈரப்பத க்ரீம் மெலிதாக இருக்கட்டும். பின்னால் வெள்ளைச் சுவரைத் தவிர்த்து, இடை நிறச் சுவரும் தோளோரம் ஒரு விளிம்பு ஒளியும் வையுங்கள்.

வெளிர் தோல் நடிகரும் கருத்த தோல் நடிகரும் ஒரே ஃபிரேமில் இருந்தால் கருத்தவர் பக்கம் கீ லைட்டை (முதன்மை விளக்கை) நெருக்கி, வெளிர்ந்தவர் பக்கம் நெட் (ஒளியைக் குறைக்கும் வலை) வைத்துக் குறையுங்கள். ஒற்றை நெட் அரை ஸ்டாப் (ஒளியளவின் படி), இரட்டை நெட் ஒரு ஸ்டாப் குறைக்கும். நடிகர்கள் இடம் மாறி நடக்கும் காட்சியானால் ஒத்திகையிலேயே இதைப் பார்த்துவிட வேண்டும், டேக்கின்போது சரிசெய்ய நேரம் இருக்காது.

இந்தக் குறைக்கு நீண்ட வேர் உண்டு. கோடாக் நிறுவனத்தின் நிறச் சோதனை அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைப் பெண் மாடல் மட்டுமே இருந்தார். ஆய்வகம் அவர் தோலுக்கே நிறத்தைச் சமன்செய்தது.

தலைமுடி ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினையாகப் பேசப்படுகிறது?

சுருள்முடியைக் கையாளத் தெரிந்த சிகை நிபுணர் செட்டில் இல்லாதபோது நடிகை வீட்டிலேயே முடியைச் செய்துகொண்டு, தன் ஃபவுண்டேஷனையும் கையோடு கொண்டு வர வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்குச் சம்பளமில்லை.

காட்சிகள் வரிசை மாறிப் படமாவதால் இன்னொரு சிக்கல். நுண்ணிய பின்னல் போட 4 முதல் 8 மணி நேரம் ஆகும். காலையில் பின்னல், மதியம் விரித்த முடி என்று எடுக்க முடியாது. ஆகவே பல தொடர்களில் விக் பயன்படுத்துகிறார்கள். சொந்த முடியைத் தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னி, மேலே வலைத்தொப்பி போட்டு, லேஸ் விளிம்பை நெற்றிக் கோட்டில் வெட்டி ஒட்டுவார்கள். லேஸைத் தோல் நிறத்துக்குச் சாயமேற்றாவிட்டால் குளோஸப்பில் விளிம்பு தெரியும். பின்னல் இறுக்கமாகவோ பசை தினமுமோ போனால் நெற்றியோர முடி உதிரும். சீசன் ஒன்றுக்குப் பல மாதங்கள் என்பதால் இது உடல் சேதம், அழகுப் பேச்சு மட்டுமல்ல. எபிசோடு பட்ஜெட்டில் விக்குக்கும் அதைப் பராமரிக்கும் ஆளுக்கும் தனி வரி இருக்க வேண்டும்.

கேபிளும் ஸ்ட்ரீமிங்கும் எதை மாற்றின?

சந்தாப் பணத்தில் ஓடும் சேனலுக்கு எல்லா ஊரும் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. ஷோடைமின் 'சோல் ஃபுட்' (2000–04) 74 எபிசோடு ஓடியது அதனால்தான். ஸ்டார்ஸின் 'பவர்' (2014–20) பல கிளைத் தொடர்களைப் பெற்றது. ஓடபிள்யூஎன் சேனலின் 'குயின் சுகர்' (2016–22) இயக்குநர்களாகப் பெண்களையே அமர்த்தி, பலருக்கு முதல் தொலைக்காட்சி வாய்ப்பைத் தந்தது. நெட்வொர்க்கிலும் கூட்டம் உண்டு என்பதை 2015இல் ஃபாக்ஸின் 'எம்பயர்' காட்டியது: சுமார் 99 லட்சம் பேரோடு தொடங்கி, வாரந்தோறும் ஏறி, முதல் சீசன் முடிவில் சுமார் 1 கோடியே 76 லட்சம்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

நேரம் குறைவென்றால் பிபிசியின் 'லூதர்'. இட்ரிஸ் எல்பா நடித்த ஐந்து சீசனும் சேர்த்து 20 எபிசோடுதான். பொறுமை இருந்தால் 60 எபிசோடு கொண்ட 'தி வயர்'. அதில் தனி நாயகன் இல்லை, ஆனால் இவ்வளவு கறுப்பின நடிகர்களுக்கு இவ்வளவு முழுமையான பாத்திரங்கள் தந்த தொடர் அதற்கு முன் கிடையாது. அதற்கு ஒரு எம்மிகூடக் கிடைக்கவில்லை என்பதை இன்றும் ஏற்க முடியவில்லை.

நடிப்புக்காக ஒன்றே ஒன்று என்றால் 'ஹோமிசைட்' முதல் சீசனில் 'த்ரீ மென் அண்ட் அடீனா' எபிசோடு (1993). கிட்டத்தட்ட முழுவதும் ஒரே விசாரணை அறை. துப்பறிவாளர் இருவரில் ஒருவராக ஆண்ட்ரே பிராவர், சந்தேக நபராக மோசஸ் கன். பாடல் உரிமைச் சிக்கலால் இந்தத் தொடர் நெடுங்காலம் ஸ்ட்ரீமிங்கில் இல்லாமல் இருந்து, 2024 ஆகஸ்டில்தான் அமெரிக்காவில் பீக்காக் தளத்துக்கு வந்தது. சில பாடல்கள் மாற்றப்பட்டுள்ளன, பழைய டிவிடி கிடைத்தால் அதில் பாருங்கள்.